இழுவைக்கு எந்தப் பிக்கப்? வேலூர்ப் பக்கத்துச் சாலைகளில் பிரேக் தேய்மானத்தை வைத்து ஓர் ஒப்பீடு

பிக்கப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது மூன்று கேள்விகள். எத்தனை டன் ஏறும், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், மாதத் தவணை எவ்வளவு. பின்னால் கலவை மிஷினோ கம்ப்ரஸரோ ஜெனரேட்டரோ கட்டி இழுக்கப் போகிறவர்களும் இதே மூன்றைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு டன் டிரெய்லரை இழுக்க இன்றைக்கு விற்கும் எந்தப் பிக்கப்பின் இன்ஜினுக்கும் சிரமம் இல்லை. சமதளத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த எடையை நிறுத்துவது யார் என்று யாரும் கேட்பதில்லை. முன் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் எப்போது மாற்ற வேண்டும், பின்சக்கரத்தில் ஷூ உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் டிரம் எத்தனை வருஷம் வரும், பத்து வருஷம் கழித்து வண்டியை விற்கும்போது சேஸிஸ் என்ன நிலையில் இருக்கும் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

2019-ல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டம், அதற்கும் முன்னால் வட ஆற்காடு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், பக்கத்தில் போளூர் வரைக்கும் உள்ள ஊர்களில் கட்டட வேலைக்கு மிஷின் வாடகை விடுகிறவர்கள், கல்யாணத்துக்கும் ஆடித் திருவிழாவுக்கும் ஜெனரேட்டர் அனுப்புகிறவர்கள், கிணற்றுப் பாறை உடைக்கக் கம்ப்ரஸர் கொண்டுபோகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண சரக்குப் பிக்கப் போதும். விலை உயர்ந்த வண்டிக்குப் போகிற பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் போட்டால், பிக்கப்பின் பிரேக்கும் நிற்கும், ஆளும் நிம்மதியாக ஓட்டலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இனி விளக்க வேண்டும்.

நம் ரோடு பிரேக்கை எப்படித் தின்கிறது

நம் பக்கம் மூன்று விதமான ஓட்டம் இருக்கிறது. வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை நேராகப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஒன்று. வேலூரில் கிரீன் சர்க்கிள், காட்பாடி மேம்பாலம், சத்துவாச்சாரி என்று ஊர்ந்து ஊர்ந்து போகும் டவுன் ஓட்டம் இன்னொன்று. மூன்றாவது மலை.

நெடுஞ்சாலையில் பிரேக்கைத் தின்பது வேகம். மூன்று டன் வண்டி, ஒரு டன் டிரெய்லர், ஆக நாலு டன் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது நிறுத்துவதற்கும் 80-ல் நிறுத்துவதற்கும் வேகத்தில் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான். பிரேக் வாங்கிக்கொள்ளும் சூடோ ஏறக்குறைய 1.8 மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற கணக்கு அது. டிரெய்லர் கட்டியிருக்கும்போது 60-ஐத் தாண்டாதே என்று பழைய டிரைவர்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது.

டவுனில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் சூடு. ஆறுவதற்கு இடைவெளி இல்லை என்பது மட்டும்தான் பிரச்சினை. டவுனுக்குள்ளேயே மிஷின் இழுக்கிற வண்டிகளில் பேடுகள் சீராகத் தேயும், திடீரென்று கைவிடாது.

மலைதான் சோதனை. ஏலகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே அத்தனாவூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் 600 மீட்டர் என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். நாலு டன் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 23.5 மெகாஜூல். இது எவ்வளவு என்றால், ஏறக்குறைய 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முழுதாக நிறுத்துவதை இருபதுக்கும் மேற்பட்ட தடவை, நடுவில் ஆறவிடாமல் செய்வதற்குச் சமம். இன்ஜின் பிடிக்காவிட்டால் இத்தனையும் நாலு சக்கரத்தின் பேடுக்கும் ஷூவுக்கும் போக வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பத்தலப்பல்லி மலைப்பாதையும், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் இறக்கமும், ஆலங்காயம் வழியாகக் காவலூர் போய் வருவதும் இதே வகைதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எடை மூன்று டன்னிலிருந்து நாலு டன்னானால் தேய்மானமும் அதே அளவுக்குத்தான் கூடும் என்று நினைக்கிறோம். பேடிலும் ஷூவிலும் தேய்கிற பகுதியான லைனிங் அப்படி நடந்துகொள்ளாது. ஒரு அளவு வரைக்கும் சூடேறினால் கணக்காகத் தேயும். அந்த அளவைத் தாண்டிவிட்டால் அதிலுள்ள பிசின் கருக ஆரம்பிக்கும், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகும், பிடிப்பு குறையும், தேய்மானம் கிடுகிடுவென்று ஏறும். மாதம் முழுக்கச் சமதளத்தில் ஓடிய தேய்மானத்தைவிட மலையில் ஒரு மோசமான இறக்கம் அதிகம் தின்றுவிட முடியும். டிரெய்லரின் கூடுதல் எடை பிரேக்கை அந்த எல்லைக்கு மேலே தள்ளுகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரக்குப் பிக்கப்: பொலேரோ, யோதா

மகிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறேன். பொலேரோவில் 1.3 டன், 1.7 டன் வகைகள் நமக்கெல்லாம் பழக்கம். 2023-ல் மேக்ஸ் வரிசை 2 டன் வரைக்கும் வந்துவிட்டது. யோதா 2.0 என்பது 2022-ல் வந்தது, அதுவும் 2 டன். 2.2 லிட்டர் இன்ஜின், 100 ஹெச்.பி., 250 நியூட்டன் மீட்டர் இழுவிசை. பிரேக்கில் இந்தப் பிரிவு முழுக்க ஒரே வழக்கம்தான், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

இழுவைக்கு இவை நல்லவை என்று நான் சொல்வதற்குக் காரணம் இன்ஜின் இல்லை. இவற்றின் பிரேக், முழு பாரம் ஏற்றிய எடைக்குக் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. வெறும் வண்டி ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே. முழு பாரத்தில் மூன்று டன், அதற்கும் மேலே. மிஷின் வாடகை விடுகிறவர் பின்தொட்டியில் என்ன ஏற்றுகிறார்? இரண்டு பலகை, கொஞ்சம் டீசல், நாலு மூட்டை சிமெண்ட். தொட்டி முக்கால்வாசி காலி. அந்தக் காலி இடத்துக்கான பிரேக் சக்தி அப்படியே மிச்சமாக இருக்கிறது. தொட்டியில் 300 கிலோவும் பின்னால் ஒரு டன் டிரெய்லரும் போனால், மொத்த எடை அந்த வண்டி தாங்கச் செய்யப்பட்ட எல்லைக்குள்ளேயே நிற்கும். தொட்டியிலும் ஒன்றரை டன் ஜல்லி, பின்னால் மிஷினும் என்று போகிறபோதுதான் கதை கெடுகிறது. டிரெய்லர் கட்டினால் அந்த எடையைத் தொட்டியில் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்கிறவருக்குச் சரக்குப் பிக்கப் பல வருஷம் வரும்.

இரண்டாவது காரணம் கியர். இவை பாரம் இழுக்கச் செய்த வண்டிகள் என்பதால் கீழ் கியர்கள் நன்றாகத் தாழ்வாக இருக்கும். இரண்டாவது கியரில் விட்டால் இறக்கத்தில் இன்ஜின் நன்றாகப் பிடிக்கும். பொலேரோவின் பழைய பாணி 2.5 லிட்டர் இன்ஜினுக்கு இதில் நல்ல பெயர் உண்டு. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களை இன்றும் பார்க்க முடிகிறது. இன்றைய டீசல் இன்ஜினில் கியரில் இறங்கும்போது, காலை எடுத்துவிட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஓடிக்கொண்டிருக்க டீசல் வேண்டும். அங்கே மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

குறை என்று பார்த்தால் பின் டிரம்மில் இருக்கிறது. கிரஷர் தூசு, மணல், சிமெண்ட் எல்லாம் உள்ளே போனால் வெளியே வராது. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் நின்று அரைத்துக்கொண்டே இருக்கும். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் இன்னும் கீழே போகும். அதே டிரம்மில் ஒரு நன்மையும் உண்டு. சரிவில் டிரெய்லரோடு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் டிரம்மில்தான் உறுதியாகப் பிடிக்கும்.

வி-கிராஸ், ஹைலக்ஸ்

இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸும் டொயோட்டா ஹைலக்ஸும் பார்த்தாலே ஆசை வரும் வண்டிகள். வி-கிராஸில் 1.9 லிட்டர் இன்ஜின், 163 பி.எஸ். சக்தி, 360 நியூட்டன் மீட்டர். 2022-ல் இங்கே வந்த ஹைலக்ஸில் 2.8 லிட்டர், 204 பி.எஸ்., ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். உலகம் முழுக்க இழுவைக்குப் பெயர் பெற்றவை. முன்னால் காற்றோட்டமுள்ள பெரிய டிஸ்க், டிரெய்லர் ஆடினால் வண்டியைச் சமாளிக்க உதவும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு, இறக்கத்தில் தானே மெதுவாக இறக்கும் வசதி என்று பட்டியல் நீளம்.

அந்தக் கடைசி வசதியைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. இறக்கத்தில் தானாக வேகத்தைப் பிடிப்பது பிரேக்கை வைத்துத்தான். கரடுமுரடான காட்டுப் பாதையில் நூறு இருநூறு மீட்டர் இறங்க அது அருமையான உதவி. ஏலகிரி மாதிரி நீளமான மலை ரோட்டில் டிரெய்லரோடு அதை நம்பி இறங்கினால் நம் காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும், சூடு அதே சூடுதான். கீழ் கியரைக் கையால் தேர்ந்தெடுத்து இறங்குவதே சரி.

இந்த வண்டிகளின் சொந்த எடையே ஏறக்குறைய 2 டன். அதாவது பாதி பிரேக் வேலை வண்டியைத் தூக்கிக்கொண்டு திரிவதிலேயே போகிறது. இங்கே பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டில்தான் ஓடுகின்றன, மிஷின் வாடகை என்ற தொழிலுக்கு அது சிக்கல். 2022-ல் வந்தபோது ஹைலக்ஸ் விலை 30 லட்சத்துக்கு மேல். அந்த விலைக்குக் கிட்டத்தட்ட மூன்று சரக்குப் பிக்கப் வந்துவிடும். டிஸ்க், பேட் மாற்றும் செலவும் அந்த அளவுக்கே இருக்கும். ஆம்பூரில் ராத்திரி பத்து மணிக்குப் பொலேரோவுக்கு ஷூ கிடைத்துவிடும், ஹைலக்ஸுக்குக் காலை வரை காத்திருக்க வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் இதைச் சிபாரிசு செய்வேன். சொந்தத் தோட்டம், சொந்தக் குதிரை, சொந்தப் படகு என்று தன் பொருளைத் தானே இழுக்கிறவர், வாரத்தில் மற்ற நாட்கள் குடும்பத்தோடு அதே வண்டியில் போகிறவர், முக்கியமாக டிரெய்லருக்குப் பிரேக் வைத்திருப்பவர்.

இழுக்காமலே ஏற்றிக்கொண்டு போவது

மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. பின்னால் இரட்டைச் சக்கரத்தோடு வரும் டாடா 407 வகை லாரியில் ஜெனரேட்டரைத் தொட்டியிலேயே வைத்துக் கட்டிவிடலாம். டிரம் அகலம் அதிகம், லைனிங் பரப்பு அதிகம், சூட்டைத் தாங்க இரும்பும் அதிகம். தள்ளிக்கொண்டு வரும் டிரெய்லரே இல்லை. 7,500 கிலோ மொத்த எடைக்குள் இருந்தால் சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது, டிரைவர் கிடைப்பதிலும் அதிகக் கஷ்டம் இல்லை. வாரத்துக்கு நாலு தடவை மலைக்குப் போகிற ஜெனரேட்டர்காரர் என்றால் பிக்கப்பும் டிரெய்லரும் வேண்டாம், இதற்குப் போங்கள். ஜெனரேட்டரை இறக்கி வைத்துவிட்டு வண்டியை வேறு வேலைக்கு அனுப்ப முடியாது என்பது இதன் பெரிய குறை. டிரெய்லரின் வசதியே கழற்றி விட்டுவிட்டு வரலாம் என்பதுதானே.

டிராக்டர் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஊருக்குள்ளே, வயல் வழியே, 20 கிலோமீட்டர் வேகத்தில் என்றால் சரி. நெடுஞ்சாலையில் வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம்: டிரெய்லரின் பிரேக்

ஆஸ்திரேலியாவில் இதே டி-மேக்ஸும் ஹைலக்ஸும் ஓடுகின்றன. அங்கே இவற்றில் பல வகைகளுக்கு இழுவைத் திறன் 3,500 கிலோ. ஆனால் அது டிரெய்லருக்குப் பிரேக் இருந்தால்தான். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டி, அதே இன்ஜின், 750 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்குக்கு விழுந்துவிடுகிறது. இந்த இரண்டு எண்ணைப் பார்த்த பிறகு எந்தப் பிக்கப் நல்லது என்ற வாக்குவாதமே எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. நம் நாட்டு டிரெய்லர் வகைப்பாட்டிலும் 750 கிலோவில் ஒரு கோடு இருக்கிறது. அது வரை டி1, அதற்கு மேல் 3.5 டன் வரை டி2.

இப்போது நம் ஊர் கலவை மிஷினைப் பாருங்கள். தொட்டி தூக்கி ஊற்றும் பெரிய மிஷின் 750 கிலோவைத் தாராளமாகத் தாண்டும். சின்னச் சக்கரம், முன் வண்டியில் மாட்ட ஒரு இரும்பு நுகம், பெரும்பாலானவற்றில் பிரேக் என்ற பேச்சே இல்லை. அதை ஒரு இணைப்பு ஆணி போட்டுப் பிக்கப்பில் மாட்டி, மழை நாளில் பள்ளிகொண்டா டோல்கேட்டில் வரிசையைப் பார்த்துப் பிரேக் மிதித்தால், அத்தனை எடையும் பின்னாலிருந்து தள்ளும். "பிரேக்கு அடிச்சா வண்டி நிக்குதுண்ணே, மிஷினு நிக்க மாட்டேங்குது" என்று ஒரு டிரைவர் தம்பி சொன்னதைவிட இதைச் சரியாக யாராலும் சொல்ல முடியாது.

டிரெய்லர் பிரேக்கில் நமக்குச் சாத்தியமானவை இரண்டு.

முதலாவது தள்ளு பிரேக். ஐரோப்பா முழுக்கச் சிறிய டிரெய்லர்களில் இதுதான். முன் வண்டி பிரேக் போட்டதும் டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளல் நுகத்தில் உள்ள ஒரு கம்பியை உள்ளே நகர்த்தும், கம்பி கேபிளை இழுக்கும், கேபிள் டிரெய்லர் டிரம்மில் ஷூவை விரிக்கும். கரண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம். எந்தப் பிக்கப்பிலும் மாட்டலாம், டிரைவர் மாறினாலும் பழக வேண்டியது ஒன்றும் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பிடித்துக்கொள்வது இதன் தொல்லை. ரிவர்ஸில் தானாக விடுகிற டிரம் வாங்கினால் அதுவும் இல்லை. நீளமான இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே வருவதால் அதன் பிரேக் லேசாக உரசிக்கொண்டே வரும், அங்கேயும் சூடு ஏறும். முன் வண்டியைக் கீழ் கியரில் போட்டாலும் தள்ளல் இருக்கும் என்பதால் நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இரண்டாவது கரண்டு பிரேக். டிரம்முக்குள் காந்தம், டிரைவர் பக்கத்தில் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி. டிரெய்லருக்கு எவ்வளவு பிரேக் போக வேண்டும் என்று டிரைவரே வைத்துக்கொள்ளலாம், டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் டிரெய்லருக்கு மட்டும் பிரேக் போட்டு நேராக்கலாம். வேலை செய்யும் விதத்தில் இதுதான் உயர்ந்தது, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரணம். நம் பக்கம் பழுது பார்க்க ஆள் கிடைப்பது கடினம், ஒயரைச் செங்கல் சூளைப் பாதையில் இழுத்துக்கொண்டு போனால் ஒரு மழைக்காலம் தாங்குமா என்பது சந்தேகம். அதனால் நான் தள்ளு பிரேக் பக்கம்தான். எதைப் போட்டாலும் நுகத்தோடு சேர்த்து இரண்டு சங்கிலி குறுக்காகக் கட்டுங்கள். இணைப்பு ஆணி உடைந்தால் டிரெய்லர் எதிர் வரிசைக்குப் போகாமல் இருக்கும். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பட்டை போடும் பழக்கம்

புது வண்டி எடுத்த வாரமே பின்னால் ஒன்றிரண்டு கமான் பட்டை (ஸ்பிரிங் தகடு) கூடுதலாகப் போட்டுவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். இழுவைக்குப் போகிறவர்கள் கட்டாயம் போடுகிறார்கள், நுகத்தின் எடையில் பின்பக்கம் தாழ்கிறது என்று. முன் பேடு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று வருகிற பல வண்டிகளுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது, யாரும் சந்தேகப்படுவதில்லை.

பல சரக்குப் பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பி போய் ஒரு வால்வில் முடியும். பாரம் ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் திருப்பும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடப் போகும். வண்டி காலியாக உயர்ந்து நின்றால் பின் பிரேக்குக்குக் குறைவாகப் போகும், இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். நல்ல ஏற்பாடு. கூடுதல் பட்டை போட்டதும் பின்பக்கம் தாழ்வதே இல்லை. முழு பாரத்திலும் வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்கிறது. பின் பிரேக் பாதி வேலை செய்கிறது, மீதி எல்லாம் முன் டிஸ்கில் விழுகிறது. ஷூ புதிதுபோலவே இருக்கும், முன் பேடு காணாமல் போகும்.

பட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த வால்வின் கம்பியைப் புது உயரத்துக்கு ஏற்றபடி கம்பெனி அளவில் சரிசெய்யச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, டிரெய்லரில் பாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, நுகத்தில் விழும் எடையை டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவருவது. அதற்கு மேலே போனால் பிக்கப்பின் முன்சக்கரம் லேசாகிவிடும். மிகவும் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும்.

லைனிங், ஆயில்

பின் ஷூவில் இரண்டு வழி. கம்பெனி ஷூ வாங்குவது, அல்லது பழைய ஷூவிலேயே புது லைனிங் அடித்து வாங்குவது. லைனிங் அடிப்பது மட்டம் என்று சொல்ல மாட்டேன். நல்ல லைனிங்கை நல்ல கடையில் அடித்தால் அருமையாக வரும். இழுவை வண்டிக்கு நான் பார்ப்பது ஒன்றுதான். டிரம்மை லேத்தில் கடைந்திருந்தால் அதன் உள்விட்டம் கொஞ்சம் பெரிதாகியிருக்கும், ஷூவின் வளைவு அதற்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நடுவில் மட்டும் பட்டு அங்கேயே கருகும். டிரம்மின் மேலேயே அதிகபட்ச விட்டம் பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டிக் கடைந்த டிரம் மலையில் சூட்டைத் தாங்காது, அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். டிஸ்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும்.

முன் பேடில் இழுவைக்கு உலோகத் துகள் கலந்த வகை நல்லது, சூடு தாங்கும். கொஞ்சம் சத்தம் வரும், டிஸ்கைச் சற்றுக் கூடுதலாகத் தேய்க்கும், பரவாயில்லை. மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றுங்கள். மெல்லிய பேடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சூட்டை நேராகக் கடத்திவிடும்.

ஆயிலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அதன் அளவுகோல் 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறியபின் 155. மலை இறக்கத்தில், பேடை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பருக்குள் அந்தச் சூடு வருவது பெரிய அதிசயமில்லை. ஆயில் கொதித்தால் ஆவி, ஆவியை அழுத்தினால் சுருங்கும், பெடல் தரை வரைக்கும் போகும். வண்டி நின்று ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், மெக்கானிக்கிடம் காட்ட ஒன்றும் இருக்காது. கம்பெனி புத்தகம் அனுமதித்தால் டாட் 4, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றம். இழுவை வண்டியில் இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

ஏலகிரி அடிவாரத்தில் இறங்கி வந்தவுடன் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். கொதிக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து ஆறவிடுங்கள்.

உப்பு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. உப்புத் தோல் ஏற்றிய வண்டி என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வருகிறது. அந்த உப்புத் தண்ணீர் தொட்டியின் இடுக்கு வழியாகச் சொட்டிச் சேஸிஸில் இறங்கும். கடல் பக்கத்து வண்டிக்கு வருகிற துரு நம் ஊர் வண்டிக்கு வருவது இப்படித்தான். லைனிங் தேய்வதற்கு முன்னால் பிரேக் பைப் அரித்துவிடும், பாரம் பார்க்கும் அந்த வால்வின் கம்பி இறுகிப்போகும், ஹேண்ட் பிரேக் கேபிள் உள்ளேயே பிடித்துக்கொள்ளும், கேலிப்பர் நகர்வதற்கான ஆணி (பின்) இறுகிவிடும். ஒரு பக்கப் பேடு தீர்ந்து மறுபக்கப் பேடு அப்படியே இருந்தால் கேலிப்பர் பின்னைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் தோல், ஒரு நாள் மிஷின் என்று இரண்டுக்கும் ஒரே வண்டியை ஓட்டுகிறவர்கள் உண்டு. முடிந்தால் வேண்டாம் என்பேன். முடியாது என்றால், தோல் இறக்கிய அன்றே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், தொட்டிக்கு அடியில் ரப்பர் பாயாவது விரியுங்கள். டிரெய்லர் மாட்டும் ஹூக்கைச் சேஸிஸில் வெல்டிங் வைத்துப் பிடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெல்டிங் ஓரத்தில்தான் துரு முதலில் பிடிக்கும், அங்கேதான் விரிசலும் தொடங்கும். பின் குறுக்குச் சட்டத்தில் மட்டும் மாட்டாமல், இரண்டு பக்கத்து நீளச் சட்டத்துக்கும் தகடு கொண்டுபோய் போல்ட் போட்டுப் பிடித்த ஹூக்தான் பத்து வருஷம் வரும்.

யாருக்கு எது

டவுனிலும் சுற்றுக் கிராமங்களிலும் கலவை மிஷின் விடுகிறவர் 1.7 டன் பொலேரோவோ யோதாவோ எடுக்கலாம். இரண்டில் எது என்று கேட்டால், உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் எந்த மெக்கானிக் நல்லவரோ அவர் கை பழகிய வண்டி. 750 கிலோவுக்கு மேலே போகிற எந்த மிஷினுக்கும் தள்ளு பிரேக் போட்ட நுகம். நெடுஞ்சாலையில் கம்ப்ரஸர் இழுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி வரை போகிறவருக்கும் இதே வண்டி, இதே நுகம். மலைக்கு அடிக்கடி ஜெனரேட்டர் அனுப்புகிறவர் டிரெய்லரை மறந்துவிட்டு 407 வகைக்குப் போகலாம். வி-கிராஸும் ஹைலக்ஸும் சொந்தத் தேவைக்கு இழுக்கிறவருக்கு.

ஷோரூமில் பேலோடைப் பற்றி, அதாவது ஏற்றும் பாரத்தைப் பற்றிச் சொல்வார்கள், இழுவையைப் பற்றி நாமாகத்தான் கேட்க வேண்டும். இந்த மாடலுக்குப் பிரேக் உள்ள டிரெய்லர் எத்தனை கிலோ, பிரேக் இல்லாதது எத்தனை கிலோ என்று தனித்தனியாகக் கேட்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர முடியாது என்று சொன்னால் பிரேக் இல்லாத டிரெய்லரை அந்த வண்டியில் மாட்டாதீர்கள்.